காலிங் பெல் அடித்தால்

நெய்வேலி நகரியத்தில் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு வடக்குத்துக்கோ இந்திரா நகருக்கோ மந்தாரக்குப்பத்துக்கோ போய்விட வேண்டும். எதை எடுத்துப் போவது, எதைக் காயலான் கடைக்குப் போடுவது என்ற பேச்சு பல வீடுகளில் சில வருஷம் முன்பே ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. அப்பாவும் அம்மாவும் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள்.

இதைச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. சிக்கனக்காரர் வீட்டில் கட்டிலில் படுக்க இடமிருக்கும். எங்கள் கட்டிலில் தினத்தந்தி கட்டுகள் ஜன்னல் உயரத்துக்கு இருந்தன. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒருக்களித்துத்தான் போக முடியும். அம்மா பால் கவர்களைக் கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் நேராக நறுக்கி, அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார். அத்தனை நேர்த்தி. ஹார்லிக்ஸ் பாட்டில், கல்யாணப் பத்திரிகை, எரிந்துபோன ட்யூப்லைட் சோக், துணி கிழிந்த குடை எல்லாம் இருந்தன. மழைக்காலத்தில் கட்டுகளுக்கு அடியில் கரையான் ஏறும். அதைத் தட்டிவிட்டு மறுபடி அடுக்குவார்கள்.

காலிங் பெல் அடித்தால் நானும் தம்பியும் டிவியை அணைத்துவிட்டு அசையாமல் உட்காருவோம். நோட்டு கேட்டு வரும் தோழியிடம் வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன். அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே டைப். ஜன்னல், அலமாரி எல்லாம் அதே இடத்தில். அவள் வீட்டுக் கூடத்தைப் பார்த்துத்தான் எங்கள் கூடம் எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

அப்பா பிறந்த ஊர் இன்று இல்லை. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கறுப்புத் துகள்கள் வந்ததில் தொடங்கிய கதை இது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் உருவானது, 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. சுரங்கத்துக்கு இடம்விட்ட கிராமங்களில் ஒன்று அப்பாவுடையது. வீடும் களமும் பலா மரமும் இருந்த மண்ணையே வாரி எடுத்தாகிவிட்டது. பறிகொடுத்தவர் கையில் கிடைத்ததை விடமாட்டார் என்று வெகுகாலம் நம்பினேன். ஆனால் அம்மா விருத்தாசலத்துக்காரர், எந்த ஊரையும் இழக்காதவர், அப்பாவைவிட அதிகம் சேர்த்தவர். அப்பாவோடு ஊரைவிட்டு வந்த பெரியப்பா வீட்டிலோ தரை பளபளக்கும்.

எதையும் தூக்கிப் போட முடியாமல் சேர்த்துக்கொண்டே போவதை 2013-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகப் பட்டியலிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் இளவயதிலேயே தலைகாட்டி, வயது ஏற ஏற முற்றும். குடும்பவழியாகவும் வரும். பயன்படாத பொருள் என்று தெரிந்தாலும் அதைப் பிரிவது தாங்க முடியாத வேதனையாக இருக்கும்.

இது தெரியாத உறவினர்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, அப்பா பேங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு வண்டிச் சாமானைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா சைக்கிளில் அந்தக் கடைக்குப் போய், குவியலில் தன் கட்டுகளைத் தேடிப் பொறுக்கி, காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வருஷம் திரும்புவதற்குள் புது வீடும் நிரம்பிவிட்டது. தெரியாமல் அள்ளிப் போட்டால் அப்படித்தான் ஆகும்.

இப்போது அம்மா புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவருகிறார். எது போகட்டும் என்று முடிவெடுப்பது அம்மாதான். நான் பை பிடிப்பதோடு சரி. பால் கவர்கள் போயின, பாட்டில்கள் பாதி போயின. குடையைக் கொடுக்க இன்னும் மனசில்லை. அப்பா வர மறுக்கிறார்.

“பெரியவங்க, அப்படியே விட்டுடும்மா” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பெரியவர்களை விடலாம். தட்டு வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டு சாப்பிடும் பிள்ளையை எப்படி விடுவது? அப்படியொரு வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அந்தப் பிள்ளையே கூப்பிட்டுப் பேசலாம்.