99 சதவீதம் ஏற்கெனவே செத்துப் போச்சாம், அதனால என்ன?

போன வாரம் மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது ஆரம்பித்த சண்டை இது. பேச்சு எப்படியோ யானை, புலி என்று போய், அங்கிருந்து பருவநிலை மாற்றத்துக்குத் தாவியது. கடைசியில் நம்ம கிளாஸ் நண்பன் ஒருத்தன் (பேர் சொல்ல மாட்டேன், படித்தால் அவனுக்கே தெரியும்) ஒரு போடு போட்டான். "மச்சி, பூமியில வந்த உயிரினத்துல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது ஏற்கெனவே அழிஞ்சாச்சு. டைனோசரே போச்சு. அழியிறதுதான் இயற்கை. பூமி அதையெல்லாம் தாண்டி வந்துடுச்சு, இதையும் தாண்டி வரும். நீ சட்னிய வாங்கு."

சுற்றி நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. ரூமுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது. எனக்கு எப்போதுமே அப்படித்தான். அதனால் இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

இந்த வாதம் அவனுடைய சொந்தச் சரக்கு இல்லை. டீக்கடையில் கேட்டிருப்பீர்கள், மாமா வீட்டு விசேஷத்தில் கேட்டிருப்பீர்கள், இங்கிலீஷ் காமெடியன்கள் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியும் பார்த்திருப்பீர்கள். விஞ்ஞானம் மாதிரியே ஒலிக்கும். சொல்கிறவருக்கு 'கோடிக்கணக்கான வருஷத்தைப் பார்த்தவன்' என்கிற ஒரு தோரணையும் வந்துவிடும். என் எரிச்சல் எல்லாம் அதில்தான். தொல்லுயிரியலைச் சாட்சிக்கு இழுத்து வந்து, அந்தச் சாட்சி சொல்வதற்கு நேர் எதிரானதைச் சொல்ல வைக்கிறார்கள்.

முதலில் அந்த 99. எண்ணில் தகராறு இல்லை, அறிஞர்கள் சொல்கிற மதிப்பீடுதான். ஆனால் எத்தனை வருஷத்தில்? ஐம்பது கோடி வருஷத்துக்கும் மேலே பரவிக் கிடக்கிற கணக்கு அது. உங்கள் பரம்பரையில் இதுவரை பிறந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள், அதனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெருவில் முப்பது பேர் இறந்தால் போலீஸ் வர வேண்டாம் என்பீர்களா? வேகம்தானே கேள்வி!

ஒரு சின்ன கணக்குப் போடுவோம். ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம். புதைபடிவங்களைப் பார்த்தால் ஒரு பாலூட்டி இனம் தோன்றி மறைய சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகிறது. இன்றைக்கு உலகத்தில் சுமார் 5,500 பாலூட்டி இனங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500-ஆம் ஆண்டிலிருந்து ஐந்நூறு வருஷம். 5,500-ஐ 500-ஆல் பெருக்கினால் 27.5 லட்சம். அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால், இயற்கை தன் பாட்டுக்கு நடந்திருந்தால் இந்த ஐந்நூறு வருஷத்தில் மூன்று பாலூட்டி இனங்கள் அழிந்திருக்க வேண்டும். சரி, தாராளமாக இரண்டு மடங்கு வைத்து ஆறு என்றே கொள்வோம். நிஜத்தில் அழிந்தவை ஏறக்குறைய எண்பது. இதை 'இயற்கை' என்று சொல்கிறவர் வகுத்தல் தெரியாதவர், அல்லது வகுக்க விரும்பாதவர்.

ஸ்டெல்லர் கடல்பசு என்று ஒரு பிராணி. வடக்கு பசிபிக்கில் இருந்தது, ஏழெட்டு மீட்டர் நீளம். விஞ்ஞானி ஒருவர் கண்ணில் முதலில் பட்டது 1741-இல். 1768-க்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. இருபத்தேழு வருஷம்! வேட்டையாடித் தின்றே தீர்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் ஆட்கள் இதற்கு நேர்மாறாகப் பேசினார்கள். ஓர் உயிரினம் முழுக்க அழிந்துபோகும் என்பதையே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பார்கள். 1796-இல் பாரிசில் ஜார்ஜ் குவியே என்பவர் மம்மூத் எலும்புகளையும் இன்றைய யானை எலும்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது வேறு அது வேறு, இது இப்போது உலகத்தில் இல்லை என்று காட்டிய பிறகுதான் அழிவு என்கிற எண்ணமே நிலைத்தது. அன்றைக்கு 'அழியவே அழியாது' என்று கவலைப்படாமல் இருந்தோம். இன்றைக்கு 'எப்படியும் அழியும்' என்று கவலைப்படாமல் இருக்கிறோம். காரணம் மாறினாலும் கவலைப்படாமை மட்டும் மாறவில்லை :-)

சரி, 'பூமி தாண்டி வந்துடுச்சு' என்கிறானே, அதற்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரழிவு என்றாலே நமக்கு டைனோசர்தான். குறை சொல்ல முடியாது, சினிமா அப்படி. 1980-இல் லூயிஸ் ஆல்வாரெஸ், அவர் மகன் வால்ட்டர், கூட இரண்டு வேதியியலாளர்கள் சேர்ந்து, இத்தாலியின் குப்பியோவில் ஒரு மெல்லிய களிமண் படிவில் இரிடியம் எக்கச்சக்கமாக இருப்பதை வைத்து, பத்து கிலோமீட்டர் விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்றார்கள். பிறகு மெக்சிகோவின் யுகட்டானில் அந்தப் பள்ளமும் அடையாளம் காணப்பட்டது. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய கதை. வானத்திலிருந்து கல் விழுந்தது, முடிந்தது. இந்தக் கதையில் ஒரு வசதி என்னவென்றால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அதனால்தான் 'இயற்கைதான்' கட்சிக்கு டைனோசர் மேல் அவ்வளவு பிரியம் என்பது என் சந்தேகம்.

ஆனால் அதைவிடப் பெரிய அழிவு ஒன்று உண்டு. அதில் கல் விழுந்த கதை இல்லை. சுமார் 25.2 கோடி ஆண்டுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்தது. கடல் உயிரினங்களில் பத்தில் எட்டு, ஒன்பது இனங்கள் போய்விட்டன. இருபத்தைந்து கோடி ஆண்டுக்கும் மேலாகக் கடலில் வாழ்ந்த ட்ரைலோபைட்டுகளில் கடைசியாக எஞ்சியிருந்தவை அத்தோடு காலி. நிலத்திலும் அடி. பூச்சிகளே திணறிப்போன அழிவு அது.

காரணம் சைபீரியா. அங்கே பூமி பிளந்து, பல லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு எரிமலைக் குழம்பு ஓடியது. ஆனால் கொன்றது குழம்பு இல்லை. சைபீரியாவில் ஓடிய குழம்பு சீனாவின் கடல் நத்தையை எப்படிக் கொல்லும்? மேலே வந்த குழம்பு வழியில் தரைக்கு அடியிலேயே பக்கவாட்டில் புகுந்தது. அங்கே இருந்தவை துங்குஸ்கா படுகையின் நிலக்கரி, எண்ணெய், உப்புப் படிவுகள். அவை வெந்தன, எரிந்தன. எரிமலை கக்கிய வாயு ஒரு பக்கம், நிலக்கரி எரிந்து வந்த கரியமில வாயு இன்னொரு பக்கம். வெப்பமண்டலக் கடல் நீரின் வெப்பம் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறியது. வெந்நீரில் ஆக்சிஜன் தங்காது, கடல் மூச்சுமுட்டியது. கரியமில வாயு கரைந்து நீர் அமிலத்தன்மை அடைய, சுண்ணாம்பு ஓடு கட்டிய பிராணிகள் அதிகமாக அடிவாங்கின.

இப்போது சொல்லுங்கள், நிலக்கரியை எரித்துக் காற்றில் விடுகிற வேறு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

இதில் நம் ஊர் சம்பந்தமும் இருக்கிறது. ராணிகஞ்ச், ஜாரியா, ஒடிசாவின் தால்சேர். இந்தியாவின் பெரிய நிலக்கரி வயல்கள் எல்லாம் அதே பெர்மியன் காலத்தவை. குளோசாப்டெரிஸ் என்கிற, நாக்கு மாதிரி இலை கொண்ட மரங்களின் சதுப்புக் காடுகள் மக்கி உண்டான கரி. (அண்டார்டிகாவில் தென் துருவம் போய்த் திரும்பும் வழியில் பட்டினியிலும் குளிரிலும் செத்துப்போன ஸ்காட் குழுவினர், கடைசிவரை விடாமல் இழுத்து வந்த சுமார் 16 கிலோ கற்களில் இருந்ததும் இந்த இலையின் படிவம்தான். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததற்கு அது ஒரு சாட்சி.) தால்சேரிலிருந்து கரி கப்பலேறி எண்ணூர் வந்து வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. நான் இதைத் தட்டச்சும்போது தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனில் கொஞ்சம் குளோசாப்டெரிஸ் இருக்கும். அந்த மரம் பெர்மியன் முடிவு அழிவில் ஒழிந்தது. அதன் சடலத்தை எடுத்து, அது எதனால் செத்ததோ அதையே நாம் மறுபடி செய்துகொண்டிருக்கிறோம்.

உடனே "எரிமலை எங்கே, மனுஷன் எங்கே, கொசு மாதிரி நாம்" என்பார்கள். கேளுங்கள். இன்று உலகத்தின் எல்லா எரிமலைகளும் சேர்ந்து வருஷத்துக்கு விடுகிற கரியமில வாயு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சீனாவின் மெய்ஷான் பாறைகளில் சிர்க்கான் படிகங்களை வைத்துக் காலம் கணித்தவர்கள், பெர்மியன் அழிவின் முக்கியக் கட்டம் சுமார் அறுபதாயிரம் ஆண்டுகளில் முடிந்தது என்று 2014-இல் சொன்னார்கள். நாம் ஆரம்பித்து இருநூற்றைம்பது வருஷம்தான் ஆகிறது. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: சைபீரியா மொத்தத்தில் விட்ட அளவுக்குப் பக்கத்தில்கூட நாம் இன்னும் வரவில்லை. ஆனால் வருஷத்துக்கு இவ்வளவு என்று பார்த்தால் பெரும்பாலான மதிப்பீடுகளில் நாம்தான் முன்னால் நிற்கிறோம். கடலுக்கு மொத்தத்தைப் போலவே வேகமும் முக்கியம். மெதுவாக விட்டால் பாறைகள் சிதைந்தே சமன் செய்துவிடும். அவசரமாக விட்டால் அதற்கு நேரம் இல்லை.

சரி, பூமி தாண்டியது. எப்படித் தாண்டியது? அதற்குப் பிறகு சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு உலகத்தில் எங்கேயும் நிலக்கரிப் படிவு கிடையாது. ஏனென்றால் கரியாகிற அளவுக்குச் சதுப்புக் காடு இல்லை. பவளத் திட்டுகள் மறுபடி வர ட்ரையாசிக்கின் நடுப்பகுதி ஆனது. நிலத்தில் எங்கு பார்த்தாலும் லிஸ்ட்ரோசாரஸ் என்று பன்றி மாதிரி ஒரு பிராணி. தென்னாப்பிரிக்காவில் தோண்டினாலும் அதுதான், தாமோதர் பள்ளத்தாக்கில் தோண்டினாலும் அதுதான், அண்டார்டிகாவிலும் அதுதான். ஊர் முழுக்கக் கடைகள் மூடி ஒரே ஒரு பெட்டிக்கடை திறந்திருந்தால் 'ஊர் நன்றாக இருக்கிறது' என்பீர்களா? மனித இனம் தோன்றியே மூன்று லட்சம் வருஷம்தான். ஒரு கோடி என்பது அதைப்போல முப்பது மடங்குக்கு மேல். 'தாண்டி வரும்' என்கிற வாக்கியத்தில் அவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது. தாண்டுகிற பூமியில் அரிசி விளையுமா, மீன் கிடைக்குமா என்பது அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. பூமியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள் அய்யா? அது ஒரு பாறை. கவலை நம்மைப் பற்றி.

எதிர்த் தரப்பையும் விடப்போவதில்லை. 'ஆறாவது பேரழிவு முடிந்தே விட்டது, பாதி உயிரினம் போச்சு' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் என் நண்பனுக்கு இலவசமாக ஆயுதம் கொடுக்கிறார்கள். ஐந்து பேரழிவுகள் என்று நாம் எண்ணுகிற ஒவ்வொன்றிலும் நான்கில் மூன்று பங்கு இனங்களாவது போயின. இப்போது நாம் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறோம். நன்கு தெரிந்த விலங்குக் குழுக்களில் முற்றாக அழிந்தது நூற்றில் ஓரிரண்டுதான். 2011-இல் அந்தோணி பர்னோஸ்கியும் கூட்டாளிகளும் போட்ட கணக்கின் சாரம் இது: இன்று ஆபத்தில் இருப்பவை எல்லாம் போய், அதே வேகம் நீடித்தால், சில நூற்றாண்டுகளில் அந்த அளவைத் தொட்டுவிடலாம். அதாவது இன்னும் நடக்கவில்லை. நடந்து முடிந்தது என்றால் பேசி என்ன பயன்? நடக்கவில்லை என்பதால்தானே இத்தனை கத்தல்!

தடுக்க முடியும் என்பதற்கு ஒரு பாதி உதாரணம் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. 1980-களில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்று என்கிற கணக்குக்கு வந்துவிட்டது. விண்கல்லும் இல்லை, எரிமலையும் இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசி. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். காரணம் 2004-இல் வெளியானது, 2006-இல் இந்திய அரசு கால்நடைக்கான அந்த மருந்தைத் தடை செய்தது. அழிவின் வேகம் குறைந்தது. தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சமாவது பறக்கின்றன. 'அழிவது இயற்கை' என்று அன்றைக்கு அந்த ஆய்வாளர்கள் சட்னி வாங்கப் போயிருந்தால் அதுவும் இருக்காது. திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிவேளையில் கோயில் சோற்றுக்கு வந்த கழுகுகளைப் பார்த்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள், அது வேறு வகைப் பாறு. 1990-களோடு வரத்து நின்றுபோனது. பெயர் மட்டும் ஊரில் இருக்கிறது.

நண்பா, உனக்கு ஒரு வழி சொல்கிறேன். 'நம்ம நாட்டுக்குக் கரண்ட் வேணும், கரியை விட்டா இப்போதைக்கு வேற வழி கம்மி, பணக்கார நாடுகள்தான் முதல்ல குறைக்கணும்' என்று சொல். அது நேர்மையான வாதம். அதில் பாதிக்கு நானே தலையாட்டுவேன், மீதிக்கு விடிய விடியச் சண்டை போடலாம். பெர்மியனையும் டைனோசரையும் மட்டும் உன் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிடாதே. நாளைக்கு மெஸ்ஸில் பார்ப்போம், தோசை என் கணக்கு.