சம்மணம் போட்டால்தான் தியானமா?

கைக்குழந்தைக்காரச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தியானம் பழக ஆசையாம். ஆனால் பத்மாசனம் போட வரவில்லையாம். "எனக்குத் தியானம் கிடையாதா அக்கா?" என்று கேட்கிறார்.

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவள்தான். முப்பத்தெட்டு வயதில் ஒரு வகுப்புக்குப் போனேன். "வலியைப் பொறுங்கள், தானாகச் சரியாகும்" என்றார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மூன்றாவது வாரம் முழங்கால் வீங்கி, டாக்டரிடம் போய் நின்றதுதான் மிச்சம். நமக்குக் கொடுப்பினை அவ்வளவுதான் என்று பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று பிறகுதான் புரிந்தது. யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி, ஆசனம் என்றால் ஆடாமல் அசையாமல் இருக்கணும், சுகமாகவும் இருக்கணும் என்கிறார். இந்த ஆசனம்தான் போடணும் என்று பெயர் சொல்லவில்லை. நம் திருமூலரின் திருமந்திரத்தில் வருகிற ஆசனங்களில் சுகாதனம் என்றே ஒன்று உண்டு. இவ்வளவு ஏன், சிவன் கோயிலில் தெற்குச் சுவரில் இருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பாருங்கள். ஆலமரத்தடியில் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறார்!

தரையில் உட்கார முடிந்தவர்கள் வெறும் பாயில் உட்காராதீர்கள். பழைய ஜமுக்காளத்தையோ போர்வையையோ நான்கு விரல் உயரத்துக்கு மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் வையுங்கள். இடுப்பு உயர்ந்து முழங்கால் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் முதுகு கூன் போட்டுவிடும், பத்து நிமிஷத்தில் நடுமுதுகு விண்விண்ணென்று தெறிக்கும். கால் மரத்துப் போனால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், தப்பே இல்லை. என்னைப் போல மூட்டுக்காரர்களுக்கு நாற்காலிதான். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதியணும். எட்டாவிட்டால் ஒரு மணையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அதன் போக்கில் விட்டு, வெளியே போகும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது. நடுவில் மனசு அடுப்பில் வைத்த பாலுக்குப் போய்விடும். போனது தெரிந்ததும் திரும்பி வருவதுதான் பயிற்சியே. ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் போதும்.

இதை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லும் வரை.

எங்கள் ஆலங்குளம் பக்கம் தெருவுக்குத் தெரு பீடி சுற்றும் பெண்கள் உண்டு. மடியில் தட்டு, குனிந்த தலை, பொழுதுக்கும் அதே இருப்பு. இவளும் அப்படித்தான். ராத்திரி தூக்கம் இல்லை என்று புலம்பினாள். தியானம் பண்ணிப் பாரேன் என்றேன். "மதினி, விடிஞ்சதுல இருந்து சம்மணம் போட்டுத்தான் கெடக்கேன். இதுக்கு மேலயும் சம்மணம் போடச் சொல்லுதியளே!" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உட்காரச் சொன்னேன். மறுநாள் வந்து, "இருக்க சொகமாத்தான் இருக்கு. ஆனா எண்ணிக்கை வேண்டாம் மதினி. பகல் முழுக்கக் கட்டு எண்ணுதேன். கண்ண மூடி எண்ணினா, எத்தனை பீடி கழிவுல போகுமோன்னு அதுல போய் நிக்கி மனசு" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தானே? குற்றாலத்தில் சாரல் விழுகிற காலத்தில் எங்கள் பக்கம் காற்றுக்குக் குறைவிராது. எண்ணாதே, தென்னோலைச் சத்தத்தை மட்டும் கேளு என்றேன். தவணை ஞாபகம் வந்தால் வரட்டும், மறுபடி ஓலைச் சத்தத்துக்கு வா என்றேன். அன்றைக்கு எங்கள் வீட்டு நடையிலேயே உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் தலை சாய்ந்து தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை.

கடிதம் எழுதின சகோதரிக்கு இன்னொரு வார்த்தை. பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாத அழுகை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, குழந்தையைத் தொடவே பயம் என்றெல்லாம் இருந்தால் தியானத்தால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணை மூடினாலே பயம் கூடுகிறது என்றால் மூடவே வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி 2022 முதல் இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையென்றால், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சுவர், கைக்கு அண்டையாக ஒரு தலையணை. பிள்ளை மூச்சு வாங்கி வாங்கிக் குடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.