ஜன்னலை மூடினால் சத்தம் போகுமா?

போன வாரம் ஜி.எஸ்.டி. வரி பற்றி எழுதினேன். இந்த வாரம் ஜி.எஸ்.டி. சாலை பற்றி. :-)

எங்கள் வீடு பழவந்தாங்கலில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை கூப்பிடு தூரம். இந்தப் பக்கம் தாம்பரம் போகும் மின்சார ரயில். தலைக்கு மேலே விமானம். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையை அப்படியே கிழக்குப் பக்கம் நீட்டினால் எங்கள் பேட்டை மேல்தான் வரும்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் ஏறும். அதனால் மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் பெரும்பாலும் எங்கள் தலைக்கு மேல் வந்து இறங்கும். ஐப்பசி, மார்கழியில் காற்று திரும்பிவிடும். அப்போது எங்கள் பக்கமாகக் கிளம்பிப் போகும். இறங்குவதைவிட ஏறும்போதுதான் சத்தம் ஜாஸ்தி. எங்கள் வீட்டில் பருவக்காற்று திரும்பியதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

இதெல்லாம் இத்தனை வருஷமாகப் பழகின சங்கதிதான். அப்பாவுக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட் வந்தபிறகுதான் பிரச்சினை ஆனது.

காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். அம்மா குக்கர் வைக்க மாட்டார், விசில் வருமே என்று. மிக்ஸியை அவர் வருவதற்கு முன்பே ஓட்டிவிடுவார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் காலேஜ் கிளம்புவேன். நாங்கள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்து என்ன? ஒரு பஸ்காரர் ஏர்ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். போன வருஷம் வேலை செய்யும் இடத்திலேயே ஒருமுறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ரத்த அழுத்த மாத்திரை எழுதிவிட்டு, "முதல்ல தூங்குங்க சார்" என்றார்.

அப்படித்தான் 'சவுண்ட் புரூஃப் ஜன்னல்' எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அதோடு என் படிப்புக்காகப் போட்டு வைத்திருந்த ஃபிக்ஸட் டெபாசிட்டும் பேச்சுக்குள் வந்தது. "அது உன் படிப்புக்கு வெச்சதும்மா, ஜன்னலுக்கெல்லாம் தொடக்கூடாது" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். நான் பி.காம். படிக்கிறேன், கணக்குப் போடாமல் விடுவேனா?

பெட்டிக்குள் ஹாரன்

முதலில் ஒரு கடைக்குப் போனோம். எல்லாக் கடையிலும் ஒரு வித்தை காட்டுகிறார்கள். ஒரு பெட்டிக்குள் ஹாரனையோ அலாரத்தையோ அலறவிட்டு, தங்கள் ஜன்னலை மூடுவார்கள். சத்தம் சட்டென்று அமுங்கிவிடும். நாம் வாயைப் பிளப்போம். ஐந்து ஜன்னல், ஒரு பால்கனிக் கதவு, இரட்டைக் கண்ணாடி, எல்லாம் ஸ்லைடிங், மொத்தம் 1,62,000 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்தார்கள்.

நல்லவேளை, அதற்கு முன்பே என் மாமா வீட்டில் இதே மாதிரி போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்து கேட்டேன். ஹாரன் கொஞ்சம் குறைந்திருந்தது. பஸ், லாரி இன்ஜினின் உறுமலும் விமானத்தின் இடியும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. மாமா "பரவாயில்லம்மா, தூசி வரல" என்றார். அவ்வளவு செலவழித்தவர் வேறு என்ன சொல்வார்?

ஏன் இப்படி என்று தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கீச்சென்ற சத்தத்தைத் தடுப்பது சுலபம். எந்தக் கண்ணாடியும் தடுக்கும். கனத்த, தாழ்ந்த சத்தத்தைத் தடுப்பதுதான் கஷ்டம். பெட்டிக்குள் அலறுவது சுலபமான சத்தம். நம்மைத் தூங்கவிடாததில் பாதி கஷ்டமான சத்தம். தேர்வில் சுலபமான கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நூற்றுக்கு நூறு போடுகிற மாதிரிதான் அந்த டெமோ.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

கண்ணாடியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இடுக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சுடன், சுமார் 50 டெசிபல் சத்தத்தைக் குறைக்கும். சுவர் கெட்டி. ஓட்டை ஜன்னலில்தான். நாலடிக்கு நாலடி ஜன்னல் என்று வையுங்கள். அதாவது 1200 மி.மீ.க்கு 1200 மி.மீ. சுற்றளவு 4800 மி.மீ. சுற்றிலும் வெறும் ஒரு மி.மீ. இடுக்கு இருந்தால் 4800 சதுர மி.மீ. திறந்திருக்கிறது. மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு சதவீதம். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இடுக்கு இருக்கும்வரை, எத்தனை தடிமனான கண்ணாடி போட்டாலும் சுமார் 25 டெசிபலுக்கு மேல் குறையாது. இடுக்கு ஒரு சதவீதமானால் 20 டெசிபலோடு சரி. பானையில் ஓட்டையை வைத்துக்கொண்டு பானையின் தடிமனைக் கூட்டி என்ன பயன்?

ஸ்லைடிங் ஜன்னலின் குறை இங்கேதான். அது நகர வேண்டுமானால் இறுக்கமாக இருக்க முடியாது. ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு நார்ப்பட்டைதான் வைத்திருப்பார்கள். கதவு மாதிரி திறந்து மூடும் கேஸ்மென்ட் ஜன்னலோ, மூடிப் பூட்டும்போது சுற்றிலும் ரப்பரை அழுத்திக்கொண்டு உட்காரும். ஆகவே சத்தத்துக்காக என்றால் ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தையும் பாருங்கள். அங்கே வெறும் ஃபோமை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன்மேல் சிமென்டோ சிலிக்கானோ முழுக்க அடைத்திருக்க வேண்டும். ஏசி பைப்புக்காகச் சுவரில் போட்ட ஓட்டை, பால்கனிக் கதவின் அடிப்பக்கம், பழைய வென்டிலேட்டர் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். ஃபேனை அணைத்துவிட்டு ஒரு ஊதுபத்தியை ஏற்றி ஜன்னல் ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே சத்தமும் வருகிறது.

இரட்டைக் கண்ணாடி மாயை

அடுத்து கண்ணாடி. ஒன்றைவிட இரண்டு நல்லது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். இரட்டைக் கண்ணாடி முதலில் குளிர்நாடுகளில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தைக் காக்க வந்தது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 12 மி.மீ. காற்று இருந்தால், அந்தக் காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. இரண்டும் சம தடிமனாக, 6 மி.மீ. என்று இருந்தால், சுமார் 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சேர்ந்து அதிரும். அந்த இடத்தில் தடுப்பு குறைந்துவிடும். பஸ், லாரி உறுமலெல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

அதனால் கேட்க வேண்டியது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் அதிர்வை விழுங்கும். இரட்டைக் கண்ணாடியே வேண்டுமென்றால் இரண்டும் வேறு வேறு தடிமனாக இருக்கட்டும், நடுவே இடைவெளி பெரிதாக இருக்கட்டும். 12 மி.மீ. எல்லாம் போதாது, 100 மி.மீ. வேண்டும்.

அவ்வளவு இடைவெளிக்கு எங்கே போவது? நம்ம ஊர் பழைய வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது! ஒன்பது அங்குலச் சுவரின் வெளிப்பக்கம் மரச்சட்டமும் கம்பியும், உள்பக்கம் நாலைந்து அங்குலத் திண்டு. அம்மா சாமான் வைக்கும் இடம். பழைய ஜன்னலைப் பிடுங்காமல், அந்தத் திண்டின் உள்விளிம்பில் இன்னொரு ஜன்னல் வைத்தால் 100 மி.மீ. இடைவெளி இலவசம்.

நாங்கள் செய்தது இதுதான். முழு வீட்டுக்கும் இல்லை, அப்பா தூங்கும் ஓர் அறைக்கு மட்டும். இரண்டு ஜன்னல், யுபிவிசி கேஸ்மென்ட், உள்பக்கம் திறக்கும்படி, லேமினேட்டட் கண்ணாடியுடன். 36,500 ரூபாய். பழைய மர ஜன்னலின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினோம். டெபாசிட்டை 50,000 வீதம் மூன்றாகப் போட்டிருந்ததால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதுமாயிற்று. (ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள் என்பது இந்தப் பதிவின் இலவச இணைப்பு.)

கொட்டேஷனில் இல்லாத செலவு

ஜன்னலைக் காற்றுப்புகாமல் மூடினால் சென்னையில் மனுஷன் வெந்துவிடுவான். ஆகவே ஏசி வேண்டும். மாமா வீட்டுப் பழைய ஒரு டன் ஏசியைக் கொண்டுவந்து மாட்ட 6,500 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் ஆயிரத்துச் சொச்சம் கூடிவிட்டது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றைத்தான் குளிர்விக்கும். அதனால் ஹால் பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறோம். அம்மா இன்னும் குக்கர் வைப்பதில்லை!

தகர ஷீட் வீடானால் ஜன்னலுக்குச் செலவு செய்யாதீர்கள். விமானச் சத்தம் கூரை வழியாகவே இறங்கிவிடும்.

பலன்? மொபைலில் சத்தம் அளக்கும் செயலி துல்லியமில்லைதான். ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 12 முதல் 15 வரை குறைந்திருந்தது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பார்கள். விமானம் இன்னும் கேட்கிறது, பக்கத்துத் தெருவில் போவது மாதிரி. 'சவுண்ட் புரூஃப்' என்ற வார்த்தையை நம்பாதீர்கள், அப்படி ஒரு ஜன்னல் கிடையாது. ஆனால் அப்பா முதல் வாரத்திலேயே ஒருநாள் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் தூங்கினார். அம்மா இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

இந்தப் பில் யாருடையது?

இத்தனை கணக்கும் போட்ட பிறகு ஒரு கேள்வி மட்டும் உறுத்துகிறது. இந்த 43,000 ரூபாயை நாங்கள் ஏன் கட்டினோம்?

ஒருவர் லாபத்துக்குச் செய்யும் வேலையின் கெடுதல் சம்பந்தமில்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று படித்தேன். கெடுதல் செய்பவரே அதற்கு விலை கொடுக்கட்டும் என்று பிகூ 1920-லேயே எழுதிவிட்டார். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. வீட்டில் அது எங்கள் ஜன்னல்.

ஜப்பானில் 1967-லேயே சட்டம் போட்டு, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒலித்தடுப்பு வேலை செய்ய உதவித்தொகை கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் பாதுகாப்பு மண்டலத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு விமான நிலையமே செலவைத் தர வேண்டும். அமெரிக்காவில் இரவுச் சத்தத்துக்குக் கூடுதல் எடை கொடுத்துப் போடும் சராசரி 65 டெசிபலைத் தாண்டினால், பயணிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தை அங்குள்ள வீடுகளின் ஜன்னலுக்குச் செலவிட வழி இருக்கிறது.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. விமான நிலையப் பகுதிக்கு 2018-இல் தனி வரம்பு வந்தது. பெரிய நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. வரம்பைத் தளர்த்தினார்கள் சரி, அந்த வித்தியாசத்தைத் தாங்குபவனுக்கு என்ன கொடுத்தார்கள்? நம் விமான டிக்கெட்டிலும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று வாங்குகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை ஓடுபாதைக்கு நேர்கீழே இருப்பவர்களின் படுக்கையறை ஜன்னலுக்கு ஒதுக்கலாமே. எல்லோருக்கும் வேண்டாம். வீட்டுக்கு ஓர் அறை போதும்.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு விமானத்திலும் ஏறாதவர்கள்தான் அதிகம். எங்கள் அப்பாவும் அதில் ஒருவர். அவர் தூக்கத்துக்கு அவரே ஏன் காசு கட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அதுவரைக்கும், ஜன்னல் வாங்கப் போகிறவர்கள் ஒரு பாக்கெட் ஊதுபத்தி வாங்கிக்கொண்டு போங்கள்.