சாமை திரும்பியது, பாட்டு திரும்பவில்லை!

ஒரு காலத்தில் சாமைச் சோறு என்றால் ஏழைச் சோறு. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். இன்று நிலைமை தலைகீழ்! "அரிசியைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும். பட்டணத்துக்காரர்கள் சாமையைத் தேடி அலைகிறார்கள். இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் ஐ.நா. சபை 2023-ம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு சாமைக்கு மவுசு கூடிவிட்டது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலை அது. அங்கே சாமைக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. ஆனால், சாமையோடு பிறந்து, சாமையோடு வளர்ந்த பாட்டு என்ன ஆயிற்று?

கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல; மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ்தான். காஞ்சீபுரத்தில் இருந்து மலையேறி வந்த கதையை இன்றும் சொல்கிறார்கள். நாடெங்கும் ஜமீன்கள் ஒழிந்த பிறகும் இந்த மலையில் ஜாகீர்தார்கள் ஆண்டு வந்தார்கள். 1976-ல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2019-ல் விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

ஆறு பருவம்

தமிழர்கள் ஓர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார் காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாக வரும். மலைநாட்டுக்கு, அதாவது குறிஞ்சிக்கு, உரியவை கூதிரும் முன்பனியும் என்கிறது தொல்காப்பியம்.

இது புலவர்களின் கணக்கு. உழவர்களின் கணக்கு வேறு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது அவர்கள் பஞ்சாங்கம். விதைப்பு, களையெடுப்பு, காவல், அறுப்பு, போரடிப்பு என்று அவர்களுடைய பருவம் வேலையை வைத்து நகரும். வேலை மாறினால் பாட்டும் மாறும். கதிர் முற்றிய தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டிய பெண்ணைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவள் தினை குத்தியபோது பாடியதற்கு "வள்ளைப்பாட்டு" என்று பெயர். கீழே சமவெளியில் நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு. கிணற்றில் சால் எத்தனை முறை இறங்கியது என்ற கணக்கையே ஏற்றப் பாட்டில் வைத்துப் பாடினார்கள். பாட்டு நின்றால் வேலையும் தடுமாறும்!

என்ன நடந்தது?

முதல் காரணம் மில். சாமையின் உமி லேசில் போகாது. உரலில் இட்டு மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். கை சலிக்கும்; தோள் நோகும். அந்த நோவை மறக்கத்தான் பாட்டு. இன்று இயந்திரம் உமியை நீக்கிவிடுகிறது. பாட்டுக்காக மறுபடி உலக்கையைப் பிடியுங்கள் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இரண்டாவது காரணம் மரவள்ளி. அது வந்த கதை வேடிக்கையானது. முன்பெல்லாம் ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கத்தில் இருந்து கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்தது. கப்பல் நின்றது, ஜவ்வரிசியும் நின்றது. மறு ஆண்டே சேலத்தில் மரவள்ளிக் கிழங்கில் இருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. கிழங்குக்குக் காசு கிடைத்தது. சமவெளியில் இருந்து மலைக்கும் மரவள்ளி ஏறியது. குச்சியை நட்டால் எட்டு, பத்து மாதம் நிலத்தில் நிற்கும். கிளி ஓட்ட வேண்டாம், போரடிக்க வேண்டாம். பிடுங்கி லாரியில் ஏற்றினால் சரி. சாமையைப்போல வேலைக்கு வேலை பாட்டு கேட்கும் பயிர் அல்ல அது.

மூன்றாவது காரணம், பிழைப்பு தேடிப் போவது. கேரளத்துக்கும் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் குடும்பத்தோடு இறங்கிப் போகிறவர்கள் உண்டு. பாட்டி ஊரில், பேத்தி தோட்டத்தில். யாரிடம் யார் பாட்டு கற்பது?

ஜப்பானில்...

ஜப்பானிலும் பருவப் பாட்டுகள் உண்டு, ஏராளமாக உண்டு. அங்கே பங்குனி மாத வாக்கில் செர்ரி மரங்கள் பூக்கும். பள்ளிப் படிப்பு முடிந்து பிள்ளைகள் பிரிவதும் அப்போதுதான். எனவே செர்ரிப் பூவைப் பாடும் புதிய சினிமாப் பாட்டு, ரேடியோப் பாட்டு எல்லாம் அந்த நாளில் கொடி கட்டிப் பறக்கும்.

அதைவிட முக்கியம், அவர்களுடைய பள்ளிக்கூடப் பாட்டு. "வசந்த கால ஓடை", "தேயிலை கிள்ளுதல்" என்ற இரண்டு பாட்டுகள் 1912-ல் அரசாங்கப் பாடப் புத்தகத்தில் சேர்ந்தன. டோக்கியோவில் ஓடிய ஒரு சிற்றோடையைப் பார்த்து முதல் பாட்டு எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். 1964 ஒலிம்பிக் போட்டியை ஒட்டிய ஆண்டுகளில் அந்த ஓடையை மூடி, மேலே தெருப் போட்டுவிட்டார்கள். தேயிலையையும் இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் வெட்டுகிறது. ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பாட்டையும் படிக்கிறார்கள். தேயிலைப் பாட்டுக்குக் கைதட்டி விளையாடுகிறார்கள்!

அங்கே ஓடை போயிற்று; பாட்டு இருக்கிறது. இங்கே சாமை வந்துவிட்டது, பாட்டைக் காணோம்.

தமிழ்நாட்டில் பருவப் பாட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மார்கழி விடியலில் திருப்பாவை கேட்கிறது. பொங்கல் என்றால் "மகாநதி" (1994) படத்துப் பாட்டு. டிசம்பர் 31-ந் தேதி இரவு "சகலகலா வல்லவன்" (1982) படத்துப் புத்தாண்டுப் பாட்டு ஒலிக்காத ஊர் உண்டா? ஆனால் இவை பண்டிகைக்கு உரியவை. காலண்டரில் தாளைக் கிழித்தால் பாட்டு வந்துவிடும். ஆடி மழைக்கும் ஐப்பசி அறுப்புக்கும் உரிய பாட்டைச் சினிமா அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

நாட்டுப் பாடல்களைத் தேடிப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா.ஜகந்நாதன் "மலையருவி" என்ற நூலாக 1958-ல் பதிப்பித்தார். நா.வானமாமலையின் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" 1964-ல் வந்தது. இரண்டும் பெரிய வேலை. ஆனால் புத்தகத்தில் சொல் மட்டுமே இருக்கும். ராகம் பாட்டியின் தொண்டையில் இருக்கிறது.

கல்வராயன் மலையில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். வெள்ளிமலைப் பக்கம் இப்போது சாமை விதைக்கிறவர்களுக்கு விதையும் யோசனையும் சொல்ல அதிகாரிகள் வருகிறார்கள். பாட்டு தெரிந்த பாட்டிகளோ பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் யாரும் கூப்பிடவில்லை.