தனியாக வந்த பிள்ளைக்கு முதலில் என்ன வேண்டும்?



எங்கள் கல்லல், காரைக்குடிப் பக்கத்திலே 'கொண்டுவிக்கப் போவது' என்றால் எல்லோருக்கும் புரியும். அந்தக் காலத்தில் மீசை அரும்பாத பையன்கள் பெற்றவர்களை விட்டுப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். வட்டிக்கடையிலே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை செய்து, கணக்குப் பழகினார்கள். ஊர் திரும்ப வருஷக்கணக்காகும். அழாமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் கிட்டங்கியிலே நம் பேச்சு, நம் சாப்பாடு, தட்டிக்கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் இருந்தது. சிங்கப்பூரிலே 1859-லேயே தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டிவிட்டார்கள்.

இன்று பீகார், ஒடிசா பக்கமிருந்து வேலை தேடித் தனியாக ரயிலேறி வரும் பையன்களுக்கு இந்த ஆதரவு ஏது? பாஷையே புரியாதே!

இரண்டாம் உலகப்போரின்போது லண்டனிலே குழந்தைகள் விடுதி நடத்திய ஆனா பிராய்டும் டாரதி பர்லிங்காமும் ஒன்றைக் கவனித்தார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் வாட்டியது. ஆகவே சில குழந்தைகளுக்கு ஒருத்தி என்று பிரித்து, தாய்போல் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். நிலையாக ஒரு முகம், அதுதான் மருந்து.

மனசு நொந்த பிள்ளை வாய்விட்டுச் சொல்லாது. வயிற்றுவலி என்னும், தூக்கத்தில் அலறும், பெரிய பையனே படுக்கையை நனைப்பான், தின்பண்டத்தை ஒளித்து வைப்பான். கோபிக்கவோ கேலி செய்யவோ கூடாது.

அப்படியொரு பிள்ளை ஸ்டேஷனிலோ பஸ் ஸ்டாண்டிலோ கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்?

முதலில் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். கூட்டம் கூடி, "ஏண்டா ஓடிவந்தே?" என்று துருவ வேண்டாம். போலீஸ் பிடித்துப்போகும் என்று மிரட்டவும் வேண்டாம். அவன் பாஷை தெரிந்தவர் யாரையாவது கூப்பிடுங்கள். உடனே 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்; காசில்லை. 2015-ஆம் வருஷச் சட்டப்படி, வழிப்பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். யார் வரப்போகிறார்கள், எங்கே அழைத்துப் போவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் தெளியும்.

"பாவம், நம் வீட்டிலேயே இருக்கட்டுமே, கடை கண்ணிக்குப் போய் வருவானே" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது தயவல்ல. எங்கேயோ ஒரு தாய் சோறு இறங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் அவன் சீக்கிரம் போய்ச் சேர வழி செய்வதுதான் நாம் காட்டும் உண்மையான பரிவு.