கிழங்கும் எண்ணெயும் நல்லா இருந்தா போதும்



திருவிழா நெருங்குது. கூட்டத்தில் வழக்கம்போல ஒரு பேச்சு வந்தது. "மரவள்ளி சிப்ஸை நாமே எதுக்குப் பொரிக்கணும்? மொத்த வியாபாரிகிட்ட மூட்டையா வாங்கிப் பாக்கெட் போட்டா வேலையும் மிச்சம், காசும் மிச்சம்." சொன்னவங்க கோவிலுக்கு நல்லது நினைச்சுத்தான் சொன்னாங்க. ஆனா வருசா வருசம் குவாலி முன்னால நிக்கிற எங்களுக்கு வேற கருத்து. இந்த வருசமும் நாமே பொரிக்கணும்.

முதல் காரணம் கிழங்கு. சிப்ஸோட ருசியில் பாதி மண்ணிலேயே முடிவாகிடுது. மரவள்ளியைப் பிடுங்கி ரெண்டு மூணு நாள் ஆனாலே உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் என்ன மசாலா போட்டாலும் பழைய வாசம் போகாது. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருசத்துக்குள்ள பிடுங்கின கிழங்குதான் நல்லது. முத்திப்போனா நார் தட்டும். இன்னொன்னு, மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கு, தோலில் அதிகம். அதனால தோலை ரெண்டு அடுக்கும் சுத்தமா உரிக்கணும், கசக்கிற கிழங்கைத் தூக்கிப் போட்டுடணும். குளுவாங் சுற்றுவட்டாரத்தில் பயிர் பண்றவங்ககிட்ட நேரா வாங்கினா, என்னைக்குப் பிடுங்கினதுன்னு கேட்டு வாங்கலாம். மூட்டைகிட்ட அதைக் கேட்க முடியாது.

சீவுறது அடுத்தது. ஒரே கனம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. ஒன்னு தடிப்பு ஒன்னு மெலிசுன்னா ஒரே சட்டியில் ஒன்னு கருகும், ஒன்னு வேகாம கிடக்கும். தொழிற்சாலை வேலை பார்க்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச பாடம்தான்: அளவு மாறினா தரம் மாறும். சீவினதை உப்புத் தண்ணியில் அலசினா மேல் மாவு போயிடும், ஒன்னோட ஒன்னு ஒட்டாது. பிறகு துணியில் பரப்பி ஈரத்தை ஒத்தி எடுக்கணும். ஈரத்தோட போட்டா எண்ணெய் பொங்கும், சூடு இறங்கும், சிப்ஸ் எண்ணெயைக் குடிக்கும்.

எண்ணெய் சூடு 170லிருந்து 180 பாகை. வெப்பமானி இல்லைன்னா ஒரு துண்டைப் போடுங்க, நுரைச்சுக்கிட்டு உடனே மேல வரணும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடணும். வரிசை நீளமா இருக்குன்னு குவாலி நிறையக் கொட்டக் கூடாது. சலசலப்பு அடங்கினா உள்ளே இருந்த தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம், அப்பவே அள்ளிடணும். பொன்னிறம் போதும். மாவுப் பொருளை அதிகச் சூட்டில் கருக விட்டா அக்ரிலமைடு என்ற தீய பொருள் கூடுதுன்னு 2002ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சொன்ன பிறகு உலகமே கவனிக்க ஆரம்பிச்சது.

இப்ப முக்கியமான விசயம்: பழைய எண்ணெய். நம்ம செம்பனை எண்ணெய் பொரிக்க நல்ல எண்ணெய்தான், சீக்கிரம் கெடாது. அதுக்காக சாகாவரம் வாங்கின எண்ணெய் இல்லை. கருத்து, கொழகொழத்து, முன்னாடியே புகை கிளம்பினா அதோட கதை முடிஞ்சது. இந்தியாவில் 2018 ஜூலையிலிருந்து, கெட்ட எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினா பயன்படுத்தக் கூடாதுன்னு விதியே இருக்கு. வாங்கின சிப்ஸ் எத்தனையாவது தடவை எண்ணெயில் பொரிஞ்சதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? நம்ம குவாலியில் இருக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியும். தீர்ந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊத்த வேணாம், டின்னில் சேர்த்து வச்சா எடைக்கு வாங்கிக்க ஆள் இருக்கு.

காரம் வேணும்கிறவங்களுக்குக் காய்ஞ்ச மிளகாய், புளி, சீனி சேர்த்துக் காய்ச்சின சம்பல். கடையில் நெத்திலி போடுவாங்க, கோவிலுக்கு அது ஆகாது. சம்பல் கெட்டியாகித் தண்ணி சுண்டின பிறகு, ஆறின சிப்ஸைப் போட்டுப் புரட்டணும். அவசரப்பட்டா நமுத்துடும்.

காசு கணக்கும் பார்ப்போம். கிழங்கில் சுமார் 60 விழுக்காடு தண்ணி. தோலும் போனா 10 கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய 4 கிலோ சிப்ஸ்தான் கையில் மிஞ்சும். ஜொகூரில் பத்து பகாட், மூவார் பக்கம் நேர்மையா கெரெப்பெக் செய்யும் குடும்பங்கள் நிறைய உண்டு, அவங்க விலையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். அநியாயத்துக்கு மலிவா ஒருத்தர் கொடுத்தா கிழங்கிலோ எண்ணெயிலோ கை வச்சிருக்காருன்னு அர்த்தம். அந்த மிச்சக் காசை நம்ம பிள்ளைங்க வயித்துல இருந்துதான் எடுக்கிறோம்.

இந்தக் கிழங்கு நமக்குச் சாதாரணக் கிழங்கு இல்லை. 1942லிருந்து 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காம, தோட்டத்து லயங்களில் நம்ம பாட்டன் பாட்டி உயிர் பிழைச்சது மரவள்ளியை அவிச்சுத் தின்னுதான். அந்தக் காலத்தை நினைச்சு அப்புறம் சாகும்வரை அதைத் தொடாத பெரியவங்களும் இருந்தாங்க. நாம அதை ஆசைக்குத் தின்கிற நிலைக்கு வந்திருக்கோம். அப்ப அதை ஒழுங்கா செய்யணுமா இல்லையா?

இன்னொரு கவலையும் இருக்கு. சூடு பார்க்காமலே எண்ணெய்ப் பதம் சொல்ற அக்காமார்களுக்கு வயசாகுது. இந்த வருசம் மூட்டை வாங்கினா அடுத்த வருசமும் மூட்டைதான். பிள்ளைங்க எங்கே நின்னு கத்துக்குவாங்க?

அதனால எங்க யோசனை இதுதான். அளவைக் குறைப்போம், தேவைன்னா பாக்கெட்டுக்கு 50 காசு கூட வைப்போம், வித்துத் தீர்ந்தா தீர்ந்ததுன்னு சொல்வோம். சீவ, உரிக்க, பாக்கெட் ஒட்ட இளைஞர்கள் ஆறேழு பேர் வேணும். நெருப்புப் பக்கம் நாங்க நிக்கிறோம். வர முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க. மூட்டை வாங்கறதே நல்லதுன்னு நினைக்கிறவங்களும் தாராளமா எழுதுங்க, பேசித் தீர்த்துக்கலாம்.