பத்தொன்பது படிகள்

பெருநகரங்களில் பாதாள இரயிலில் செல்வோர் ஓரிடத்தில் மண்ணுக்குள் இறங்கி, வேறோரிடத்தில் வெளிப்படுகின்றனர். இடையிலுள்ள ஊரை அவர்கள் காண்பதில்லை. நிலையத்தின் பெயர் மட்டும் நினைவில் நிற்கும். அப்பெயருக்குரிய தெருக்களும் மாந்தரும் அறியப்படாமலே போவர். ஆகவே, ஏதேனும் ஒரு நிலையத்தில் இறங்கி, படியேறி, சுற்றுப்புறத்தை நடந்தே காண்பது நல்லதொரு பழக்கம்.

இத்தகைய உலாவுக்கு இலண்டன் மிகவும் ஏற்றது. உலகின் முதல் பாதாள இரயில் 1863-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் அங்கேதான் பொதுமக்களை ஏற்றிச் சென்றது. அந்நகரின் கிழக்கே, உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், பெத்னல் கிரீன் என்னும் நிலையம் உள்ளது. இம்மாதம் வாசகர்களை அங்கே அழைத்துச் செல்ல விழைகிறோம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இந்நிலையத்தின் வேலை முடிந்திருக்கவில்லை. இரயில் ஓடாத அச்சுரங்கம் 1940-இல் மக்களின் புகலிடமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் உறங்கப் படுக்கைகள் அமைத்தனர். மேலேயிருந்த நூலகம் குண்டுவீச்சில் சேதமுறவே, சுரங்கத்திற்குள்ளேயே ஒரு சிறு நூலகம் திறந்தனர். அச்சத்தின் நடுவிலும் மக்கள் படிப்பை விடவில்லை.

1943-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இரவு எட்டேகால் மணியளவில் அபாயச் சங்கு ஒலித்தது. மக்கள் நுழைவாயிலை நோக்கி விரைந்தனர். அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ஏவுகணைகள் பேரொலியுடன் சீறிப் பாய்ந்தன. குண்டுதான் விழுகிறதென்று எண்ணிய கூட்டம் முண்டியடித்தது. படிகளோ ஈரமாயிருந்தன, மங்கலான ஒரே ஒரு விளக்கு, நடுவே பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. பத்தொன்பது படிகளின் அடிப்பகுதியில் ஒரு பெண் தடுக்கி விழுந்தாள். அவள்மேல் மற்றவர் விழ, நடப்பதறியாது பின்னின்றோர் நெருக்க, சில நொடிகளில் அனைத்தும் முடிந்தன. இறந்தோர் 173 பேர்; அவர்களுள் 62 பேர் சிறுவர் சிறுமியர். அன்றிரவு அவ்விடத்தில் ஒரு குண்டுகூட விழவில்லை.

இதனினும் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. நுழைவாயிலைச் சீரமைக்க வேண்டுமென அப்பகுதி மன்றம் 1941-இலேயே மேலதிகாரிகளைக் கேட்டிருந்தது. அச்செலவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கைப்பிடிகள் வந்தது சாவு வந்த பிறகே. விசாரணை அறிக்கையும் உடனே வெளியிடப்படவில்லை. உற்றாரை இழந்தோர் தம் துயரை உரக்கச் சொல்லவும் இயலாது வாழ்ந்தனர்.

இன்று அந்நிலையத்திலிருந்து வெளியே வருவோர், அந்தப் படிக்கட்டின் அருகே, பூங்காவின் மூலையில், மரத்தாலான வேறொரு படிக்கட்டைத் தலைக்குமேல் காண்பர். தலைகீழாக அமைந்த அந்நினைவுச் சின்னம் 2017-இல் நிறைவுற்றது. இறந்தோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எதிரே தூய யோவான் ஆலயம். சற்று வடக்கே நடந்தால், சிறுவர்க்கென 2023-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். அங்கே துள்ளி விளையாடும் மழலையரைக் காணும்போது, அந்த அறுபத்திரண்டு பேரை நினையாமல் இருத்தல் அரிது.

பெத்னல் கிரீனில் உயிர்களைப் பறித்தது பகைவனின் குண்டன்று. ஒரு விளக்கையும் ஒரு கைப்பிடியையும் அற்பமென்று எண்ணிய அலட்சியமே. பிறர் நலனில் அக்கறை என்பது பெரிய சொற்களில் இல்லை. அவர்கள் கால் வைக்கும் படியில் உள்ளது. திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ பலர் கூடும் இடத்திற்கு அடுத்தமுறை செல்லும்போது, அன்பர்களே, அங்குள்ள படிக்கட்டைச் சற்று நின்று பாருங்கள். விளக்கு எரிகிறதா? முதியவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடி உண்டா? இல்லையெனில் உரியவரிடம் சொல்லுங்கள். ஒருமுறை மறுத்தால் மறுமுறையும் சொல்லுங்கள்.